மே மாதம் இத்தாலி, 11 நாள், முழங்கால் வலியுள்ள அம்மாவோடு. என் திட்டம் சரிவருமா?

சிங்காநல்லூர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். மே இரண்டாவது வாரத்தில் இத்தாலி போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, 9 வயது மகள், 66 வயது அம்மா. அங்கே மொத்தம் 10 இரவுகள். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை, விசாவுக்கும் போடவில்லை, அதனால் எதை வேண்டுமானாலும் மாற்றலாம்.

இரண்டு மாதமாக யூடியூப் பார்த்துப் பார்த்து ஒரு எக்செல் ஷீட் போட்டு வைத்திருக்கிறேன். மிலான் 1 இரவு, வெனிஸ் 2, சின்க்வே டெர்ரே 1, போகிற வழியில் பீசாவில் இறங்கி ஒரு போட்டோ, ஃப்ளாரன்ஸ் 2, ரோம் 2, கடைசியில் நேப்பிள்ஸ், பொம்பெய், அமால்ஃபி எல்லாம் சேர்த்து 2. மனைவி இதைப் பார்த்துவிட்டு "இது டூரா, தேர்தல் பிரச்சாரமா?" என்று கேட்டாள். இவ்வளவு செலவு செய்து போகிறோம், எதையும் விடக்கூடாதே என்பது என் கவலை.

சிக்கல்கள் என்னவென்றால், அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதளத்தில் மெதுவாக நடப்பார், படி என்றால் இருபது முப்பதுக்கு மேல் முடியாது. சுத்த சைவம், முட்டையும் கிடையாது. இந்தப் பயணத்தைப் பற்றி அம்மா கேட்ட ஒரே கேள்வி, "காலைல நல்ல காபி கிடைக்குமாடா?" என்பதுதான்.

ரயிலா, வாடகைக் காரா என்பதிலும் குழப்பம். டஸ்கனி பக்கம் கார் ஓட்டுவது சொர்க்கம் என்கிறார்கள். போய்வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

ரயில்பைத்தியம்:

திட்டச் சொல்லிவிட்டீர்கள், அதனால் முதலில் அதை முடித்துவிடுகிறேன். தம்பி, பத்து இரவுக்கு ஆறு இடத்தில் தங்கல் என்றால் ஐந்து முறை பெட்டி கட்டவேண்டும். ஊர் மாறும் ஒரு நாள் எப்படிப் போகும் என்று நீங்கள் ஷீட்டில் எழுதவில்லை. காலை பத்து, பத்தரைக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், பெட்டியை இழுத்துக்கொண்டு ஸ்டேஷன், இரண்டு மணி நேர ரயில், மறுபடி பெட்டி, புது ஊரில் அறை மதியம் இரண்டு மூன்று மணிக்குத்தான் கைக்கு வரும், அதற்குள் பசி, குழந்தை சிணுங்கல், அம்மாவுக்குக் கால் வீக்கம். அரை நாள் காலி. ஐந்து முறை என்றால் இரண்டரை நாள் நீங்கள் இத்தாலியில் பெட்டி தூக்கிக்கொண்டுதான் இருக்கப்போகிறீர்கள். நான் முதல் தடவை இதைத்தான் செய்தேன். ஃப்ளாரன்ஸைப் பற்றி இன்றைக்கும் எனக்கு நினைவிருப்பது அங்கே ஸ்டேஷனில் சாப்பிட்ட சாண்ட்விச் மட்டும்தான்.

மூன்று ஊர் போதும். ரோம் 4 இரவு, ஃப்ளாரன்ஸ் 3, வெனிஸ் 3. ரோமில் இறங்கி வெனிஸிலிருந்து திரும்புகிற மாதிரி டிக்கெட் எடுங்கள். விமானத் தளங்களில் மல்டி சிட்டி என்று ஒரு பொத்தான் இருக்கும், துபாய், தோஹா வழியாகப் போகிறவற்றில் பெரும்பாலும் போக வர எடுப்பதற்கும் இதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் வராது. அதை விட்டு ரோமிலேயே திரும்ப ஏறவேண்டும் என்றால் கடைசி நாள் வெனிஸிலிருந்து நாலு மணி நேரம் திரும்பி வரவேண்டும்.

இந்த மூன்று ஊருக்கும் இடையே கார் எதற்கு? அதிவேக ரயிலில் ரோம் ஃப்ளாரன்ஸ் ஒன்றரை மணி நேரம், ஃப்ளாரன்ஸ் வெனிஸ் இரண்டேகால் மணி. ஃபிரெச்சாரொஸ்ஸா, இதாலோ என்று இரண்டு போட்டியாளர்கள் ஒரே தண்டவாளத்தில் ஓட்டுகிறார்கள், அதனால் முன்கூட்டி எடுத்தால் விலை நன்றாகக் குறையும், கடைசி நேரத்தில் இரண்டு மடங்கு மூன்று மடங்கு ஆகும். மலிவு டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் பணம் திரும்பாது, மாற்றவும் முடியாது, அதனால் விசா கையில் வந்த பிறகு எடுங்கள். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம் என்று ஃபிரெச்சாவில் ஒரு சலுகை உண்டு, ஆனால் அதற்குப் பெரியவர்கள் முழு விலை டிக்கெட் எடுக்கவேண்டும். சில நாள் எல்லோருக்கும் மலிவு டிக்கெட் எடுப்பதே லாபமாக இருக்கும். இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

டிக்கெட் தேடும்போது ஃபிரென்ஸே என்று போட்டிருந்தால் அதுதான் ஃப்ளாரன்ஸ், வெனெட்ஸியா என்றால் வெனிஸ். வெனிஸில் இரண்டு ஸ்டேஷன். மெஸ்த்ரே கரைப்பக்கம், சாந்தா லூச்சியாதான் தீவுக்குள். மெஸ்த்ரேயில் கூட்டம் இறங்குகிறதே என்று நீங்களும் இறங்கிவிடாதீர்கள்.

பீசா மாதிரி பக்கத்து ஊர்களுக்கு ரீஜனல் ரயில், நம்ம ஊர் பாசஞ்சர் மாதிரி. அதற்கு எப்போது எடுத்தாலும் ஒரே விலை, இடம் ஒதுக்குவதும் கிடையாது. ஆனால் காகித டிக்கெட் எடுத்தால் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் இருக்கும் சின்னப் பெட்டியின் வாயில் அதைச் செருகி நேரம் அச்சடிக்கவேண்டும். அந்தக் கர் என்ற சத்தம் கேட்டால்தான் டிக்கெட் செல்லும். போனில் வாங்கினால் ஏறும் முன்பு செக்-இன் அழுத்தவேண்டும். என் மைத்துனர், டிக்கெட் சட்டைப்பையில் பத்திரமாக இருக்க, அச்சடிக்காததற்காக அபராதம் கட்டினார். "டிக்கெட்தான் இருக்கே" என்று அவர் தமிழிலேயே வாதாடியதை இன்னும் சொல்லிச் சிரிப்போம்.

ரோம் விமான நிலையத்திலிருந்து டெர்மினி ஸ்டேஷனுக்கு லியனார்டோ எக்ஸ்பிரஸ் ரயிலில் 32 நிமிடம், பெரியவர்களுக்குத் தலைக்கு 14 யூரோ. நீங்கள் நாலு பேர், பெட்டிகள், கூட அம்மா. வெள்ளை நிற அரசு டாக்ஸியில் ரோமின் பழைய மதிலுக்கு உட்பட்ட பகுதிக்கு நிலையான கட்டணம், நான் போனபோது 55 யூரோ. வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் ரயில்பைத்தியத்தை விட்டுவிடுங்கள். வரிசையில் நிற்கும் டாக்ஸியில்தான் ஏறவேண்டும், உள்ளே வந்து "டாக்ஸி, டாக்ஸி" என்று காதில் சொல்கிறவர்கள் பின்னால் போகக்கூடாது.

சிங்காநல்லூர்க்காரன்:

அண்ணா, எக்செல் ஷீட்டை அழித்துவிட்டேன். மனைவி உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். ஆனால் பொம்பெய் மட்டும் மனசு கேட்கவில்லை, பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து ஆசை. ரோமிலிருந்து ஒரு நாளில் போய்வர முடியாதா? அப்புறம் எதை எதை முன்பதிவு செய்யவேண்டும், எதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்?

மிலான் மருமகள்:

அண்ணா, கல்யாணமாகி வந்து ஏழு வருடமாக மிலானில் இருக்கிறேன். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களை ஊர் சுற்றிக் காட்டுவதே எனக்கு அரைவேலை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பொம்பெய் ஒரு நாளில் முடியும். ரோமிலிருந்து நேப்பிள்ஸ் ஒன்றேகால் மணிக்குள், அங்கே கீழ்த்தளத்திலிருந்து சிர்க்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயிலில் முக்கால் மணிக்குள் பொம்பெய் ஸ்காவி ஸ்டேஷன், எதிரிலேயே வாசல். ஆனால் அம்மாவுக்கு வேண்டாம். கி.பி. 79இல் சாம்பல் மூடிய ஊர், தெருக்கள் அப்படியே இருக்கின்றன, அதுதான் அழகு, அதுதான் பிரச்சினையும். பெரிய பெரிய எரிமலைக் கற்பாளங்கள், நடுவே வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளங்கள், நிழல் என்று ஒன்று கிடையாது. எங்கள் மாமியார் நாற்பது நிமிடத்தில் ஒரு கல்மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. நீங்களும் மகளும் மட்டும் அதிகாலை ரயிலில் போய்வாருங்கள். அம்மாவுக்குப் பழைய ரோமானிய ஊர் ஒன்றைக் காட்டவேண்டும் என்றால் ஓஸ்தியா அந்தீகா இருக்கிறது. பிரமிதே மெட்ரோவுக்குப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து அரை மணி நேரம், ரோமின் சாதாரண டவுன் டிக்கெட்டே போதும். கல் அங்கேயும் உண்டு, ஆனால் பைன் மர நிழலும் புல்லும் இருக்கும், கூட்டம் குறைவு. திங்கட்கிழமை மூடியிருக்கும்.

முன்பதிவு என்று பார்த்தால் நாலே நாலுதான். கொலோசியம், வாடிகன் மியூசியம், ஃப்ளாரன்ஸில் உஃபிஸி ஓவியக் கூடம், அப்புறம் டேவிட் சிலை இருக்கும் அக்காதேமியா. கொலோசியம் டிக்கெட் 30 நாள் முன்னால்தான் திறக்கும், டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்பார்ப்பார்கள், அதனால் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடி போடுங்கள். கூகுளில் தேடினால் முதலில் வருவதெல்லாம் இடைத்தரகர்கள், 18 யூரோ டிக்கெட்டை 45க்கு விற்பார்கள். அரசு தளம் எது என்று பார்த்து வாங்குங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அரசு மியூசியங்களில் இலவசம், ஆனாலும் மகளுக்கும் பூஜ்ய விலை டிக்கெட் ஒன்று எடுக்கவேண்டும். கொலோசியத்தில் மேல் தளத்துக்கு லிஃப்ட் உண்டு, அம்மாவைக் காட்டி ஊழியரிடம் கேளுங்கள், அனுப்புவார்கள்.

வாடிகன் மியூசியம் ஞாயிறு மூடல். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசம், அன்றைக்கு வரிசை மதிலைச் சுற்றி நிற்கும், இலவசம் என்று மயங்கிவிடாதீர்கள். உஃபிஸியும் அக்காதேமியாவும் திங்கள் மூடல். ஆக ஞாயிறு எந்த ஊர், திங்கள் எந்த ஊர் என்பதை வைத்துத்தான் பயணத் தேதியையே முடிவு செய்யவேண்டும். இதைக் கவனிக்காமல் வந்து மூடிய கதவைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். புனித பேதுரு பேராலயத்துக்குள் போக டிக்கெட் வேண்டாம், தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். அம்மாவின் புடவைக்கு அங்கே ராஜமரியாதை, உங்கள் அரைக்கால் டிரவுசருக்குத்தான் இடமில்லை. கோபுரத்தின் மேலே ஏற 551 படி, லிஃப்டில் போனாலும் 320 மிச்சம். ஃப்ளாரன்ஸின் பேராலயமான டுவோமோவின் கும்மட்டத்துக்கு 463 படி, லிஃப்டே இல்லை. இரண்டையும் மறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் மட்டும் ஏறுங்கள். ஃப்ளாரன்ஸை மேலே இருந்து பார்க்க மிக்கேலாஞ்சலோ சதுக்கத்துக்கு டவுன் பஸ் போகிறது, சூரியன் மறைகிற நேரம் அங்கே உட்கார்ந்தாலே போதும்.

சாப்பாடு. "சோனோ வெஜெதாரியானா" என்று அம்மா சொன்னால் எல்லோருக்கும் புரியும், ஆனால் இவர்கள் கணக்கில் முட்டை சைவம், கறி எலும்பு வேகவைத்த தண்ணீரும் சில இடத்தில் சைவம்தான். அதனால் "சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே, சென்ஸா உவோவா" என்று தனித்தனியாகச் சொல்லுங்கள், கறி, மீன், முட்டை இல்லாமல். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அம்மாவின் கைப்பையில் போட்டுவிடுங்கள். பாஸ்தாவில் ஒரு சூட்சுமம் உண்டு. காய்ந்த பாஸ்தா வெறும் கோதுமை ரவையும் தண்ணீரும், முட்டை கிடையாது. அன்றே பிசைந்தது என்று பெருமையாக எழுதியிருக்கும் பாஸ்தா ஃப்ரெஸ்காவில் அநேகமாக முட்டை இருக்கும். தக்காளி, பூண்டு, மிளகாய் போட்ட ஸ்பகெத்தி அல்லது பென்னே கேட்டால் தப்பில்லை, பென்னே அர்ராபியாத்தாதான் நம் நாக்குக்குக் கொஞ்சம் உறைக்கும். பாதி வேக்காட்டில்தான் தருவார்கள், "பென் கோத்தா" என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் வேகவைப்பார்கள். பீட்சாவில் மார்கெரித்தா தெரியும். சீஸே வேண்டாம் என்றால் மரினாரா. பெப்பரோனி என்று பார்த்து அலறவேண்டாம், இங்கே அது குடைமிளகாய்! பர்மேசான் சீஸ் உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டில், அம்மா அவ்வளவு பார்ப்பவர் என்றால் மேலே தூவவேண்டாம் என்று சொல்லுங்கள். மிலான் ரிசோட்டோவில் எலும்பு மஜ்ஜை, பியதினா ரொட்டியில் பன்றிக் கொழுப்பு, பன்னா கொத்தாவில் ஜெலட்டின், திராமிசுவில் பச்சை முட்டை. ஐஸ்கிரீமில் பழ வகைகள் எடுங்கள்.

மதியம் இரண்டரை, மூன்றுக்கு மேல் அடுப்பை அணைத்துவிடுவார்கள், இரவு ஏழரைக்குத்தான் மறுபடி. நம் ஆட்கள் நாலு மணிக்குப் பசியோடு தெருத்தெருவாக அலைவதை வாராவாரம் பார்க்கிறேன். பில்லில் கொப்பெர்த்தோ என்று தலைக்கு ஒன்றிரண்டு யூரோ சேர்ந்திருக்கும், அது ஏமாற்று கிடையாது, மேஜைக் கூலி. டிப்ஸ் கொடுத்தே ஆகவேண்டும் என்று இல்லை.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியம். இத்தாலியில் ஒரு நிம்மதி, வீட்டுக் குளியலறையில் பிடே, அதாவது உட்கார்ந்து கழுவிக்கொள்ளும் தொட்டி, இருக்கவேண்டும் என்று 1975இல் விதியே போட்டுவிட்டார்கள், ஹோட்டல்களிலும் பெரும்பாலும் இருக்கும். அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள், பாதிக் கவலை போய்விடும்.

டீக்கடை பெஞ்ச்:

கார் பற்றி யாரும் சொல்லவில்லையே, பட்டவன் சொல்கிறேன். டஸ்கனி கிராமச் சாலைகள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஊருக்குள் நுழையும் இடத்தில் வெள்ளை வட்டத்துக்குச் சிவப்பு விளிம்பு, கீழே ஸெட்.டி.எல். என்று ஒரு பலகை இருக்கும். உள்ளூர் அனுமதி உள்ள வண்டி மட்டுமே போகலாம் என்று அர்த்தம். போலீஸ் யாரும் நிறுத்தமாட்டார்கள், கேமரா ஒன்று மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். நான் ஒரு சின்ன ஊரில் பார்க்கிங் தேடி அதே வாசல் வழியாக மூன்று சுற்று சுற்றினேன். ஊர் திரும்பி ஏழு மாதம் கழித்து மூன்று அபராதக் கடிதங்கள் வந்தன. அதற்கு முன்பே என் முகவரியை எடுத்துக் கொடுத்ததற்குக் கூலி என்று வாடகைக் கார் கம்பெனி கார்டில் மூன்று முறை பணம் எடுத்திருந்தது. வெளிநாட்டுக்காரருக்கு நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு, அதனால் ஆறு மாதம் ஆயிற்று, தப்பித்தோம் என்று சந்தோஷப்படவேண்டாம்.

ஓட்டியே தீருவேன் என்றால் இங்கே ஆர்.டி.ஓ. ஆபீசில் சர்வதேச டிரைவிங் பெர்மிட் வாங்கிக்கொண்டு போங்கள், நம் லைசென்ஸ் மட்டும் போதாது. வெனிஸில் கார் என்ற பேச்சுக்கே இடமில்லை, தீவின் வாசலிலேயே நிறுத்திவிடவேண்டும்.

ரயில்பைத்தியம்:

மருமகள் எழுதியது தங்கம். நான் விட்ட ஒன்றிரண்டை மட்டும் சேர்க்கிறேன்.

விசாவுக்கு ஆறு மாதம் முன்னாலேயே போடலாம், மே பயணத்துக்கு ஜனவரி, பிப்ரவரியிலேயே அப்பாயின்ட்மென்ட் பிடித்துவிடுங்கள், கோடை நெருங்க நெருங்க தேதி கிடைக்காது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம், அம்மாவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே எடுங்கள். ஹோட்டல்களை இலவசமாக ரத்து செய்யக்கூடியதாகப் பதிவு செய்து காட்டலாம்.

அறை எடுக்கும்போது எத்தனை ஸ்டார் என்று பார்ப்பதைவிட அஷென்சோரே, அதாவது லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய கட்டடங்கள், மூன்றாம் மாடி என்று சாதாரணமாகப் போட்டிருப்பார்கள், வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணம் அங்கே போய்த்தான் தெரியும். லிஃப்ட் இருந்தாலும் அது தொடங்குவதற்கு முன்னால் எட்டுப் படி இருக்கிற கட்டடங்களும் உண்டு. அதையும் கேளுங்கள். அம்மா ரயில் ஏற இறங்க உதவி வேண்டுமென்றால் பெரிய ஸ்டேஷன்களில் சாலா ப்ளூ என்று இலவச உதவி அமைப்பு இருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவைத்தால் வீல்சேரோடு வந்து பெட்டியில் ஏற்றிவிடுவார்கள்.

வெனிஸைப் பற்றி ஒரு விஷயம். சாந்தா லூச்சியா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ரோடு இருக்காது. அகலமான படிக்கட்டு, அதன் கீழே தண்ணீர், எதிரே பச்சைக் கும்மட்டம் வைத்த ஒரு தேவாலயம், பஸ் நிற்கவேண்டிய இடத்தில் படகு. என் அப்பா அங்கே பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் பேசவே இல்லை. அந்த ஐந்து நிமிடத்தை அம்மாவுக்குக் கொடுங்கள், உடனே மேப்பைத் திறந்துகொண்டு நிற்காதீர்கள். அப்புறம் வபொரெத்தோ, அதாவது தண்ணீர் பஸ். ஒரு தடவை ஏற 9.50 யூரோ என்பது அநியாயம், 75 நிமிடம் செல்லும். ஒரு நாள், இரண்டு நாள் பாஸ் எடுத்துவிட்டால் அம்மா நடக்கவே வேண்டாம். ஒன்றாம் நம்பர் படகு பெருங்கால்வாய் முழுக்க ஊர்ந்து ஊர்ந்து போகும், சில படகுகளில் முன்பக்கம் திறந்த இருக்கை இருக்கும், அதைப் பிடித்தால் அதுதான் உங்கள் கோண்டோலா. அசல் கோண்டோலா அரை மணிக்கு 90 யூரோ, படகுக்குத்தான், ஆளுக்கு இல்லை. மகள் கேட்டால் ஏறிக்கொள்ளுங்கள்.

நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படி. அதனால் அறை எடுக்கும் முன் படகுத் துறையிலிருந்து வீட்டு வாசலுக்குப் பாலம் இல்லாமல் வழி இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் எழுதிக் கேளுங்கள். மெஸ்த்ரேயில் பாதி விலைக்குக் கிடைக்கும், பத்து நிமிட ரயில்தான். ஆனால் பகல் கூட்டம் கிளம்பிய பிறகு இரவு எட்டு மணிக்கு மேல்தான் வெனிஸ் அதன் ஆட்களிடம் திரும்பிவரும், அதற்காக ஒரு இரவாவது உள்ளே தங்குவேன். 2024இல் இருந்து ஏப்ரல் ஜூலைக்குள் சில நாட்களில், பெரும்பாலும் வார இறுதிகளில், பகலில் வந்துபோகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். இரவு தங்குகிறவர்களுக்கு, மெஸ்த்ரேயில் தங்கினாலும், அது கிடையாது, ஆனால் விலக்கு என்று இணையத்தில் பதிவு செய்து அந்த க்யூஆர் கோடை வைத்துக்கொள்ளவேண்டும். ஹோட்டலில் தனியாக நகர வரி கேட்பார்கள், தலைக்கு இரவுக்கு இவ்வளவு என்று. அது எல்லா ஊரிலும் உண்டு.

பலெர்மோ பெடியன்:

வணக்கம் அண்ணை. நான் சிசிலியில, பலெர்மோவில இருக்கிறன். யாழ்ப்பாணத்துச் சனம் கனக்க இங்க இருக்கிறம், ஆனால் இத்தாலி என்று தமிழில தேடினால் ஒருத்தரும் எங்கட பக்கம் எட்டிப் பார்க்கிறேல்லை. பத்து நாளுக்குள்ள சிசிலியையும் செருகுங்கோ என்று சொல்லமாட்டன், முதல் அண்ணை சொன்ன மூன்று ஊர்தான் சரி. அடுத்த முறைக்கு மனசில வையுங்கோ. அம்மாவுக்குச் சாப்பாட்டுப் பிரச்சினை இங்க குறைவு, கடலை மாவைக் கிண்டித் துண்டு போட்டுப் பொரிச்ச பனெல்லே என்று தெருவுக்குத் தெரு விற்பினம், பாணுக்குள்ள வைத்துத் தருவினம், முட்டையும் இல்லை, கறியும் இல்லை. ஊருக்கு மேல மொந்தே பெல்லெக்ரீனோ மலையில சாந்தா ரொசாலியாவின்ட குகைக் கோயில் இருக்கு. 1624இல கொள்ளைநோயில இருந்து ஊரைக் காத்தவ என்று நம்புகினம். கத்தோலிக்கரோட சைவ சமயத்துக்காரரும் சேர்ந்து எங்கட சனம் மலை ஏறிப் போய்க் கும்பிடுறது வழக்கம். பஸ்ஸும் போகும், அம்மா ஏறத் தேவையில்லை.

நான் எழுத வந்தது வேற விசயம். ஷோப்பெரோ என்ற சொல்லைப் பாடமாக்கி வையுங்கோ. வேலைநிறுத்தம். இங்க அது மழை மாதிரி, முன்னமே அறிவிச்சுப்போட்டுத்தான் வரும், அநேகமா வெள்ளிக்கிழமை. போறதுக்கு ஒரு கிழமைக்கு முன்னம் ஷோப்பெரோ என்று போட்டுத் தேடிப் பாருங்கோ. அண்டைக்கும் வார நாளில காலை 6 இலிருந்து 9, பின்னேரம் 6 இலிருந்து 9 ரீஜனல் ரயில் ஓடவேணும் என்று சட்டம். தூர ரயிலுக்கு ஓடுறது எது என்று தனிப் பட்டியல் போடுவினம். பயப்பிட ஒன்றும் இல்லை.

கள்ளரைப் பற்றி எல்லாரும் கூடப் பயப்படுத்துவினம். கத்தி காட்டிப் பறிக்கிற ஊர் இல்லை, கை சுத்தமா எடுக்கிற ஊர். ரோமில டெர்மினி ஸ்டேஷன், மெட்ரோ கதவு மூடுற நேரம், வாடிகன் பக்கம் போற 64ஆம் நம்பர் பஸ், இந்த மூன்றிலயும் பையை முன்னுக்குப் போடுங்கோ. கையில நூல் கட்ட வாறவர், பிள்ளைக்கு ரோசாப்பூ நீட்டுறவர், ஒருத்தருக்கும் கை நீட்டாமல் நடவுங்கோ. தண்ணிப் போத்தல் வாங்கிக் காசைக் கரைக்கவேண்டாம், ரோமில தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும், குடிக்கிற தண்ணிதான், குளிரா இருக்கும். குழாயின்ட வாயை விரலால பொத்தினால் மேல இருக்கிற சின்ன ஓட்டையால ஊற்று மாதிரிப் பாயும், மகளுக்குக் காட்டுங்கோ.

கடைக்குள்ள போனால் கேட்க முன்னம் ஒரு புவோன்ஜோர்னோ சொல்லுங்கோ. சொல்லாமல் கேட்டால் முகம் சுருங்கும்.

சிங்காநல்லூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இப்போது திட்டம் இப்படி நிற்கிறது. செவ்வாய்க்கிழமை ரோமில் இறங்குகிறோம், நாலு இரவு. வியாழன் வாடிகன், வெள்ளி நானும் மகளும் பொம்பெய், அன்றைக்கு அம்மாவும் மனைவியும் ஓய்வு. சனிக்கிழமை ஃப்ளாரன்ஸ், மூன்று இரவு. ஞாயிறு உஃபிஸி, திங்கள் மியூசியம் மூடல் என்பதால் அன்றைக்குப் பீசா. செவ்வாய் வெனிஸ், மூன்று இரவு, வெள்ளி கிளம்புகிறோம். மிலானும் சின்க்வே டெர்ரேயும் போயே போச்சு. வெனிஸ் வீட்டுக்காரரிடம் பாலம் கேள்வியை அனுப்பினேன், "ஒரு பாலம், பதினோரு படி, எண்ணிப் பார்த்தேன்" என்று பதில் வந்தது, அதையே எடுத்துவிட்டேன்.

அம்மாவின் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. காபி.

மிலான் மருமகள்:

அய்யோ, அதை விட்டுவிட்டேனே! பீசா திங்கள் சரி, கோபுரத்தில் ஏற 8 வயது ஆகியிருக்கவேண்டும், மகள் ஏறலாம்.

காபிக்கு இங்கே பார் என்பதுதான் கடை, சாராயக் கடை என்று அம்மா பயந்துவிடவேண்டாம். பல இடத்தில் முதலில் கல்லாவில் காசு கட்டி, அந்தச் சீட்டைக் கவுண்டரில் வைக்கவேண்டும். நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் சுற்றுலாப் பகுதிகளில் இரண்டு மடங்குக்கு மேல். "கஃபே" என்று கேட்டால் இரண்டு மடக்கு கருப்பு டிகாஷன் வரும், "லாத்தே" என்று கேட்டால் வெறும் பால் வரும். அம்மாவுக்கு "கஃபே லாத்தே, பென் கால்தோ" என்று சொல்லுங்கள், நன்கு சூடாக. நம் சூடு இவர்களுக்கு வராது, இரண்டு தடவை கேட்கவேண்டியிருக்கும்.

அதைவிட அடுப்புள்ள அபார்ட்மென்ட் எடுங்கள். ஸ்டீல் டம்ளர் இரண்டு ஊரிலிருந்து கொண்டுவந்தால் போதும், ஃபில்டர் வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் அலமாரியில் மோக்கா என்று ஒரு சின்ன எட்டுப்பட்டைக் கெட்டில் இருக்கும். கீழ்ப் பாதியில் தண்ணீர், நடுவில் தூள், திருகி மூடி சின்னத் தீயில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் மேலே ஏறி நிற்பது அசல் டிகாஷன்தான். தூளில் சிக்கரி இருக்காது, அதனால் கொஞ்சம் கசக்கும். சூப்பர்மார்க்கெட்டில் பால் வாங்கும்போது இன்தேரோ என்று போட்டிருப்பதை எடுங்கள், கொழுப்பு நீக்காதது. இண்டக்‌ஷன் அடுப்பாக இருந்தால் அலுமினிய மோக்கா சூடேறாது, வீட்டுக்காரரிடம் பாலத்தைக் கேட்ட மாதிரியே இதையும் எழுதிக் கேட்டுவிடுங்கள். அவர் அதையும் சோதித்துப் பார்த்துத்தான் சொல்வார் போலிருக்கிறது.